நியூயார்க் தீயணைப்புத் துறையின் வாக்கி டாக்கித் தேர்வு, 1993–2003: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை பத்து ஆண்டுகளாக ஒரு கேள்வியோடு போராடியது: எரியும் கட்டடத்துக்குள் இருக்கும் வீரரும் கீழே நின்று ஆணையிடும் அதிகாரியும் எந்தக் கருவியால் பேசுவது? ஒருமுறை புதிய செட்டுகளை வாங்கிச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. பழைய செட்டுகளோடு 2001 செப்டம்பர் 11ஐச் சந்தித்தது. அதன்பின் திரும்பப் பெற்ற அதே செட்டுகளை வேறு முறையில் அமைத்து மறுபடியும் வீரர்களிடம் கொடுத்தது.

அரசு விசாரணை ஆணையமும் பொறியியல் ஆய்வாளர்களும் நகரத் தணிக்கையும் இந்தக் காலத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அவசரகால வானொலித் தேர்வு பற்றி இவ்வளவு தெளிவான ஆவணம் உள்ள நிகழ்வுகள் குறைவு. தொழிற்சாலை, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, மீட்புக் குழு என எதற்கு வாக்கி டாக்கி வாங்குபவருக்கும் இது நேரடியாக உதவும். பெயர்கள் இங்கே தேவையில்லை. முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்தான் தேவை.

பின்னணி: 1993 பிப்ரவரி

1993 பிப்ரவரி 26 அன்று உலக வர்த்தக மையத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் வண்டியில் வைத்த குண்டு வெடித்தது. ஆறு பேர் இறந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 110 மாடிகள் கொண்ட இரண்டு கோபுரங்களிலிருந்தும் மக்களை இறக்க வேண்டியிருந்தது. அன்று தீயணைப்பு வீரர்களின் செட்டுகள் இரண்டு வகையில் கைவிட்டன. இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்த தளங்களைத் தாண்டி அலை போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இடங்களில் ஒரே சேனலில் எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் பேசியதால் எதுவும் புரியவில்லை.

முதல் சிக்கலைப் புரிந்துகொள்ள, தீயணைப்புக் களத்தில் வாக்கி டாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு அலை நேராகப் போகிறது. நடுவில் கோபுரமோ நிலையமோ இல்லை. பழுதாக நடுவில் ஒன்றும் இல்லை என்பதே இதன் பெரிய பலம். நான்கு மாடி வீட்டுத் தீக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடையாது. நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் அதே ஏற்பாடு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் கேட்பது, கூடுதல் வாட் உள்ள செட்டை வாங்கினால் போதாதா என்று. போதாது. 2 வாட்டை 5 வாட்டாக உயர்த்தினால் கிடைக்கும் ஆதாயம் 4 டெசிபெல் (அலையின் வலிமை கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு). இரும்புச் சட்டமும் கான்கிரீட்டும் சேர்ந்த ஒரே ஒரு தளம் அதைவிட அதிகமாக விழுங்கக்கூடியது. இப்படிப்பட்ட கட்டடங்களில் அலை தளங்களைத் துளைத்துக்கொண்டு போவதைவிடப் படிக்கட்டு, லிஃப்ட் குழி, ஜன்னல் வழியாகச் சுற்றித்தான் பெரும்பாலும் போகிறது. ஒரே மாடியில் இரண்டடி தள்ளி நின்றால் கேட்பதும் கேட்காமல் போவதும் அதனால்தான். வாட்டைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். சென்றடையும் மாடிகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் கூடாது.

முதல் முடிவு: ரிப்பீட்டர், 1994

கட்டடத்தின் உரிமையாளரான துறைமுக ஆணையம் தன் செலவில் 1994இல் ஒரு ரிப்பீட்டர் அமைத்தது. ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் வாங்கும் குரலை, இன்னொரு அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு அந்தக் கணமே திரும்ப அனுப்பும். 60ஆவது மாடியில் இருப்பவரின் செட் கீழ்த்தளத்தை எட்ட வேண்டியதில்லை. ரிப்பீட்டரை எட்டினால் போதும். கோபுரங்களுக்கு அருகிலிருந்த ஐந்தாம் எண் கட்டடத்தில் இது அமைந்தது. அன்றைய சிக்கலுக்குச் சரியான பொறியியல் தீர்வு இதுதான்.

அடுத்த கேள்வி, ரிப்பீட்டரை எப்போதும் இயக்கத்தில் வைப்பதா, வேண்டும்போது போடுவதா என்பது. எப்போதும் இயங்கட்டும் என்றது துறைமுக ஆணையம். தீயணைப்புத் துறை மறுத்தது: அந்தச் சேனல் கீழ் மன்ஹாட்டனில் நடக்கும் மற்ற தீயணைப்புப் பணிகளின் பேச்சில் குறுக்கிடக்கூடும், தேவைப்படும்போது மட்டும் போடுங்கள் என்றது. ஆணையத்தின் காவலர் மேசையிலிருந்து அதைப் போடுவது என்று ஏற்பாடானது. 2000ஆம் ஆண்டு வசந்த காலத்தில், தீயணைப்புத் துறையின் வேண்டுகோளின்படி, போடும் பொறுப்பு ஒவ்வொரு கோபுரத்தின் கீழ்த்தளத்திலும் உள்ள தீப் பாதுகாப்பு மேசைக்கு மாறியது. அங்கே வைத்த பெட்டியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ரிப்பீட்டரை இயக்கும். மேசையிலுள்ள கைபேசி வடிவ ஒலிவாங்கியிலிருந்து பேச, இன்னொன்றையும் தனியாக அழுத்த வேண்டும்.

குறுக்கீடு பற்றிய அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சத்துக்குக் கொடுத்த விலை பெரியது. முதல் பத்து நிமிடத்தில், புகையும் கூச்சலும் நிறைந்த இடத்தில், ஆண்டுக்கு ஓரிரு முறைகூடத் தொடாத ஒரு பெட்டியில் இரண்டு தனித்தனி செயல்களை ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய நிலை உருவானது. வேறு அலைவரிசையோ, அலைபரப்பின் திசையையும் அளவையும் திருத்துவதோ குறுக்கீட்டைக் குறைத்திருக்குமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இரண்டாம் முடிவு: டிஜிட்டல் செட்டுகள், 2001 மார்ச்

கையில் இருந்த, குரலின் அலையை அப்படியே அனுப்பும் அனலாக் செட்டுகள் பழசாகிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 1.4 கோடி டாலருக்கு, குரலை எண்களாக மாற்றி அனுப்பும் சுமார் 3,800 புதிய டிஜிட்டல் செட்டுகள் வாங்கப்பட்டன. 2001 மார்ச்சில் அவை வீரர்களுக்கு வந்தன. ஒரு வாரம் போல ஆனபோது, குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டுத் தீயில் நிலத்தடி அறையில் சிக்கிய வீரர் ‘மேடே’ என்று உதவி கேட்டார். அதே களத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. தொலைவில் இருந்தவர் காதில் விழுந்தது. வீரர் உயிர் பிழைத்தார். செட்டுகள் அத்தனையும் உடனே திரும்பப் பெறப்பட்டன. பழைய அனலாக் செட்டுகள் மறுபடி கைக்கு வந்தன.

வெளிப்படையான போட்டி ஏலம் இல்லாமலும், களத்தில் போதிய சோதனை இல்லாமலும் வாங்கியதாக நகரத் தணிக்கை பின்னர் குற்றம் சாட்டியது. இரண்டாவது குற்றச்சாட்டையே நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். ஆயிரக்கணக்கான செட்டுகளை ஒரே வாரத்தில் மாற்றுவதற்கு முன், ஒரே ஒரு தீயணைப்பு நிலையத்தில் இரண்டு மாதம் புதியதையும் பழையதையும் சேர்த்துப் பயன்படுத்தியிருந்தால், குறைகளில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்திருக்கும்.

டிஜிட்டல் ஏன் அப்படி நடந்துகொள்கிறது

குவீன்ஸில் அந்த ஒரு அழைப்பு ஏன் விழவில்லை என்பதைவிட, இவ்வகைச் செட்டில் எதெல்லாம் அப்படி நடக்கச் செய்யும் என்பதே வாங்குபவருக்குப் பயன்படும்.

அனலாகில் அலை பலவீனமாகும்போது இரைச்சல் கூடிக்கொண்டே வரும். இரைச்சலுக்கு நடுவிலும் பழகிய காது ‘மேடே’ என்ற சொல்லைப் பிடித்துவிடும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை குரல் தெளிவாக இருக்கும்; எல்லையைத் தாண்டியதும் உடைந்து, பிறகு முழு அமைதி. கேட்பவருக்கு, யாரோ பேச முயன்றார் என்பதே தெரியாமல் போகலாம். தீயணைப்புக் களத்தில் ஆபத்தான வேறுபாடு இதுதான். அனலாகின் தேய்ந்த குரல் ஒரு எச்சரிக்கை. டிஜிட்டலின் மௌனம் எதையும் சொல்வதில்லை.

இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் அனலாகில் ஒரு கீச்சொலி எழும். இன்னொருவரும் பேசுகிறார், மறுபடி கேட்போம் என்று அதிகாரி உணர்வார். டிஜிட்டலில் இருவரில் ஒருவர் தடயமே இல்லாமல் மறைந்துவிடலாம்.

மூன்றாவது பின்னணிச் சத்தம். டிஜிட்டல் செட் குரலை மனிதப் பேச்சின் வடிவத்துக்கு ஏற்பச் சுருக்கி அனுப்புகிறது. மரம் அறுக்கும் இயந்திரம், பம்ப், சுவாசக் கருவியில் காற்று குறையும்போது அடிக்கும் மணி, அசைவற்று விழுந்த வீரரின் உடலிலிருந்து அலறும் எச்சரிக்கைக் கருவி இவையெல்லாம் குரலோடு சேர்ந்து உள்ளே போனால், சுருக்கும் நிரல் குரலையே சிதைக்கிறது. 2008இல் சர்வதேசத் தீயணைப்புத் தலைமை அதிகாரிகளின் சங்கம் நடத்திய சோதனைகளில், சில கடும் சத்தச் சூழல்களில் அனலாகே தெளிவாகக் கேட்டது. எச்சரிக்கைக் கருவியின் ஒலி மூன்று மீட்டர் தூரத்தில் குறைந்தது 95 டெசிபெல் இருக்க வேண்டும் என்பது அங்கே தரம். யாருக்கு உதவி மிகவும் தேவையோ, அவர் குரலோடுதான் அந்த அலறலும் சேர்ந்து போகிறது.

இவற்றோடு சிறு தாமதமும் உண்டு. பொத்தானை அழுத்திய கணமே பேசத் தொடங்கினால் முதல் அசை அறுந்துபோகும். ‘வெளியே போகாதீர்கள்’ என்பதில் கடைசிச் சொல் முக்கியம். ‘மூன்றாம் மாடி’ என்பதில் முதல் சொல்லே முக்கியம். அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேசும் பழக்கத்தைப் பயிற்சியில்தான் கொண்டுவர முடியும்.

இத்தனையும் டிஜிட்டலே கூடாது என்பதற்கல்ல. அலுவலக வளாகம், துறைமுகம், சாலைப் பாதுகாப்பு போன்ற இடங்களில் டிஜிட்டல் தரும் தெளிவும் பேட்டரி மிச்சமும் உண்மையானவை. முகமூடியும் தீயும் உள்ள இடத்துக்கு அது தனியாகச் சோதிக்கப்பட வேண்டும்.

செட்டுகளைத் திரும்பப் பெற்றது சரியான முடிவு. ஆனால் அதன் விளைவாக, 1993இல் உயரக் கட்டடத்தில் தோற்ற அதே வகை ஏற்பாட்டோடு துறை நின்றது. அடுத்த ஆறு மாதத்துக்கு உலக வர்த்தக மையத்தில் துறைக்கு இருந்த கூடுதல் துணை அந்த ரிப்பீட்டர் மட்டும்.

2001 செப்டம்பர் 11

காலை 8:46க்கு வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியது. 8:54க்கு வடக்குக் கோபுர மேசையில் ரிப்பீட்டரின் முதல் பொத்தானை யாரோ அழுத்தினார்கள். யார் என்பது தெளிவாகவில்லை. அந்தக் கணம் முதல் ரிப்பீட்டர் சேனலில் வாக்கி டாக்கிகள் ஒன்றோடொன்று பேச முடிந்தது. இரண்டாவது பொத்தான் அன்று முழுவதும் அழுத்தப்படவே இல்லை.

9:05க்கு இரு அதிகாரிகள் ரிப்பீட்டரைச் சோதித்தனர். மேசை ஒலிவாங்கியில் பேசியவரின் குரல் போகவில்லை; காரணம் அந்த இரண்டாம் பொத்தான். எதிர்முனையில் வாக்கி டாக்கியில் பேசியவரின் குரலும் மேசையில் கேட்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம், அல்லது பெட்டியின் ஒலியளவு குறைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பயன்பாட்டில் இல்லாதபோது அதைக் குறைத்தே வைப்பது வழக்கம். ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து, வடக்குக் கோபுர அதிகாரிகள் அதைக் கைவிட்டு, ரிப்பீட்டர் வழியாகப் போகாத நேரடிச் சேனலுக்குப் போனார்கள்.

தெற்குக் கோபுரத்தில் அதே ரிப்பீட்டர் வேலை செய்தது. மேலே ஏறிய ஓர் அதிகாரி 78ஆவது மாடி வரை போய், அங்கே கண்டதை அந்தச் சேனலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 9:21க்குப் பிறகு கீழ்த்தள மூத்த அதிகாரி அந்தச் சேனலில் பேசுவதை நிறுத்திவிட்டதால், மேலிருந்தவரால் அவரை எட்ட முடியவில்லை. அந்தக் கோபுரத்தில் நுழைந்த பெரும்பாலான குழுக்கள் ரிப்பீட்டர் சேனலுக்கு வரவே இல்லை. கருவி இயங்கியது. சேனல் ஒழுங்கு இல்லை.

9:59க்குத் தெற்குக் கோபுரம் விழுந்தது. வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறும்படி நேரடிச் சேனலில் ஆணை போனது. பலர் கேட்டனர், சிலர் கேட்கவில்லை. விசாரணை ஆணையம் கூறும் காரணங்களை வரிசையாகப் படித்தால், தேர்வில் எதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது புலப்படும். உயரக் கட்டடத்தில் அலை எட்டாதது ஒன்று. ஒரே சேனலில் நெரிசல் ஏற்பட்டு ஆணை அமுங்கிப்போனது இன்னொன்று. பணி நேரம் இல்லாமலும் ஓடிவந்த வீரர்கள் சிலரிடம் செட்டே இல்லை. தெற்குக் கோபுரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் சிலர் அந்தக் கோபுரத்துக்கான வேறு சேனலில் இருந்திருக்கலாம். நான்கில் ஒன்று மட்டுமே செட்டின் சக்தி பற்றியது.

காவல்துறை ஹெலிகாப்டர்களிலிருந்து, வடக்குக் கோபுரம் நீண்ட நேரம் நிற்காது என்ற எச்சரிக்கை காவல்துறை வானொலியில் வந்தது. தீயணைப்புத் துறையின் வானொலி தனி. எச்சரிக்கை அவர்களை அடையவில்லை. 10:28க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தது. அன்று தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தனர்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். வடக்குக் கோபுர உயிரிழப்புகளுக்கு வானொலியின் தொழில்நுட்பக் கோளாறு ஒரு காரணமே தவிர முதன்மைக் காரணம் அல்ல என்று விசாரணை ஆணையம் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆணை கேட்டும் மற்றவர்களை விட்டுவரத் தயங்கியவர்கள் உண்டு. பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியாததால் அவசரத்தை உணராதவர்கள் உண்டு. நல்ல வாக்கி டாக்கி இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று இந்த நிகழ்வை வைத்து வாதிடுவது தவறு.

அதன் பின் நடந்தவை

அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் ஆய்வு 2005இல் வெளிவந்தது. தாக்குதலுக்குப் பிறகு வானொலிப் பேச்சு உச்சத்தில் இயல்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காகவும், பின்னர் மூன்று மடங்காகவும் இருந்தது. அந்த நேரத்துச் செய்திகளில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை முழுமையாகவோ புரியும்படியோ இல்லை என்று அது கணித்தது. எந்தச் செட்டும் தனியாகத் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது. சேனல்களைப் பிரிப்பதும், யார் பேசலாம் என்று வரையறுப்பதும்தான் வழி.

2001இல் திரும்பப் பெற்ற செட்டுகள் அனலாக் முறையில் இயங்கும்படி மாற்றப்பட்டு 2003இல் மறுபடி வழங்கப்பட்டன. அவை யு.எச்.எஃப் எனும் உயர்ந்த அலைவரிசையில் இயங்குபவை. பழையவை அதைவிடத் தாழ்ந்த வி.எச்.எஃப். வி.எச்.எஃப்பில், 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர். யு.எச்.எஃப்பில், 460இல் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். குட்டை அலைநீளம் ஜன்னல், தாழ்வாரம், கதவிடுக்கு வழியாக எளிதில் நுழையும்; கையடக்கச் செட்டின் குட்டை ஆண்டெனாவும் அந்த அலைநீளத்துக்குப் பொருந்தும். திறந்த வெளியிலும் மரங்கள் அடர்ந்த இடத்திலும் வி.எச்.எஃப் முந்தும். எங்கே பேசப் போகிறோம் என்பது தெரியாமல் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அத்துடன், அதிகாரிகள் கட்டடத்துக்குள் தூக்கிச் செல்லும் 45 வாட் கட்டளைச் செட்டும் வந்தது. கட்டடத்தில் என்ன கருவி பொருத்தியிருக்கிறது, அது வேலை செய்கிறதா என்பதை நம்பியிருக்காமல், ரிப்பீட்டர் செய்யும் வேலையில் ஒரு பங்கைத் துறை தன்னுடனே கொண்டு போகிறது. இந்தப் பத்து ஆண்டுகளில் எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது இதுவே என்று கருதுகிறோம்.

அடுத்து வாங்குபவர் மாற்ற வேண்டியவை

வாங்கும் முன் நடைச் சோதனை. கட்டளை இடத்தில் ஒருவர், செட் இடுப்பில். இன்னொருவர் முகமூடியும் கையுறையும் அணிந்து, செட்டை மார்புப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடிப் படிக்கட்டிலும், நிலத்தடியிலும், பம்ப் அறையிலும், கதவு மூடிய லிஃப்டிலும் நின்று பேச வேண்டும். ‘ஹலோ, கேட்குதா’ என்று பேசிப் பயனில்லை. எதிர்பார்த்த சொல்லைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். சீட்டில் எழுதிய இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவர் எழுதியதை பிறகு ஒப்பிட வேண்டும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண், அதாவது சிறு முயற்சியோடு, எப்போதாவது மட்டும் திரும்பக் கேட்டுப் புரிவது, இரு திசையிலும் கிடைக்க வேண்டும். மேலிருந்து கீழே கேட்பதால் கீழிருந்து மேலே கேட்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து பம்ப்பை ஓடவிட்டு, எச்சரிக்கைக் கருவியை அலறவிட்டு அதே சோதனை. அதன்பின் இருவர் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பது.

பேட்டரிக் கணக்கு. விளம்பரத்தில் வரும் மணி நேரம் 5 சதவீதம் பேசுவது, 5 கேட்பது, 90 சும்மா இருப்பது என்ற கணக்கில் வருகிறது. உதாரணமாக ஒரு செட் பேசும்போது 1.5 ஆம்பியர், கேட்கும்போது 0.25, சும்மா இருக்கும்போது 0.06 இழுக்கிறது என்றால், 2 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தக் கணக்கில் 14 மணி நேரம் வரும். அவசரத்தில் 20 சதவீதம் பேச்சு, 40 கேட்பு என்றானால் 5 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு செட்டுக்கு இரண்டு உபரி பேட்டரி என்பது இங்கிருந்து வரும் எண்.

வெப்பம். 2006இல் நடந்த சோதனையில், 160 டிகிரி செல்சியஸில் வெளிப்படையாக வைத்த செட்டுகள் 15 நிமிடம் தாங்கவில்லை. பாதுகாப்பு உடையின் பைக்குள் இருந்தவை தாங்கின. பை வாங்காமல் செட் மட்டும் வாங்குவது பாதிக் கொள்முதல். தீ அபாய இடத்துக்கான கையடக்க வானொலிக்கென்றே தனித் தரம், அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ 1802, 2021இல்தான் வந்தது. அதற்கேற்ற செட்டா என்று கேட்டு வாங்கலாம்.

கட்டடத்தில் ரிப்பீட்டர் இருந்தால் அதை எப்போதும் இயக்கத்தில் வைக்க வழி தேட வேண்டும். முடியாவிட்டால் ஒரே பொத்தான், போட்டதும் எரியும் விளக்கு, குறைக்க முடியாத ஒலியளவு. சோதனை இரண்டு வாக்கி டாக்கிகளுக்கு இடையே நடக்க வேண்டும், மேசை ஒலிவாங்கியில் அல்ல: ஒருவர் கீழ்த்தளத்தில், ஒருவர் சில மாடி மேலே, ரிப்பீட்டர் சேனலில் எண்ணைச் சொல்லித் திரும்பக் கேட்பது. அது கேட்டால் ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறது. மேசைக் கருவி ஊமையாக இருந்தாலும் அதை விட்டுவிட்டுக் கையிலுள்ள செட்டுகளோடு அந்தச் சேனலிலேயே தொடரலாம். கேட்கவில்லை என்றால் எந்த நேரடிச் சேனலுக்குப் போவது என்பதை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொரு செட்டின் முதுகிலும் ஒட்டியிருக்க வேண்டும்.